ஏட்டையா ஏன் காலை நக்குறார்?

நாய்க்கு 'ஷேக் ஹேண்ட்' கொடுத்திருக்கீங்களா பாஸ்? 'கை கொடு'ன்னு சொன்னதும் முன்னங்காலைத் தூக்கி நம்ம உள்ளங்கையில் வெச்சுட்டு, 'பிஸ்கட் எங்கே?'ன்னு ஒரு லுக் விடுமே... அந்த சீன் எல்லா வீட்டிலும் சூப்பர் ஹிட். நாமளும் ரெண்டு குலுக்கு குலுக்கி, ஒரு செல்ஃபி எடுத்துட்டு விட்டுடுவோம். ஆனா, அந்தக் காலைத் திருப்பி அடியில் என்ன இருக்குன்னு பார்க்கிறவங்க ரொம்பக் கம்மி.

பார்த்தா அசந்துடுவீங்க. நாலு விரலுக்கும் நாலு குட்டி மெத்தை. நடுவில் பெருசா இன்னொரு மெத்தை. முன்னங்காலில் மட்டும் கொஞ்சம் மேலே தள்ளி எக்ஸ்ட்ராவா ஒண்ணு. நாயோட உடம்பிலேயே தடிமனான தோல் இங்கேதான் இருக்கு. அதுக்கு அடியில் இருக்கிற கொழுப்புதான் ஷாக் அப்சார்பர். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு முக்கியமா இந்தப் பாதத்தில்தான் வியர்க்கும்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு ஸ்பெஷல் தகவல். செமஸ்டரில் நம்மைப் பாடாய்ப் படுத்துற 'கவுன்ட்டர் ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர்' நாய்ப் பாதத்துக்குள்ளேயே இருக்கு! பாதத்துக்கு வர்ற சூடான ரத்தக் குழாயை ஒட்டி, திரும்பிப் போற ரத்தக் குழாய்கள் வலை மாதிரி பின்னிக் கிடக்கு. வர்ற ரத்தத்தோட சூட்டைத் திரும்பிப் போற ரத்தம் வாங்கி, உடம்புக்கே கொண்டுபோய்ச் சேர்த்துடும். 2011-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இதை மைக்ரோஸ்கோப் வெச்சுப் பார்த்து எழுதினாங்க. பனியில் நடந்தாலும் நாய்க்குக் கால் விறைக்காததுக்கு இதுதான் காரணம்.

ஆனா பாருங்க, இந்த டிசைன் குளிருக்குத்தான். எங்க பாளையங்கோட்டை மே மாச வெயிலுக்கு இல்லை.

வத்தல் டியூட்டி

எங்க வீட்டு நாய்க்கு ஆச்சி வெச்ச பெயர் 'ஏட்டையா'. ஜாதி, கீதி எதுவும் கிடையாது. பக்கா நாட்டு நாய். தெருவில் யார் வந்தாலும் விசாரிக்காம விடாது. அதனால அந்தப் பெயர். வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போட்ட சர்ட்டிஃபிகேட்டை எங்க அப்பா என்னோட மார்க் ஷீட்டைவிட பத்திரமா வெச்சிருக்கார்.

கோடை வந்தா ஏட்டையாவுக்கு மொட்டை மாடியில் டியூட்டி. ஆச்சி விடியக்காலையிலேயே கூழ் காய்ச்சி, பழைய வேட்டியை விரிச்சு வத்தல் ஊத்துவாங்க. காக்கா வராம பார்த்துக்குறது இவரோட வேலை. தண்ணித் தொட்டி நிழலில் படுத்திருப்பார். காக்கா இறங்கினா 'டர்'ருன்னு ஒரு ஓட்டம். விரட்டிட்டுத் திரும்ப நிழலுக்கு வந்துடுவார். போன கோடை லீவில் இந்த ஆபரேஷன் நாலு நாள் நடந்துச்சு.

நாலாம் நாள் சாயங்காலம் ஆச்சி கூப்பிட்டாங்க. ''எய்யா, ஏட்டையா ஒவ்வொரு காலா தூக்கித் தூக்கி வெச்சு நிக்கான். நக்கிக்கிட்டே வேற கெடக்கான். முள்ளு கிள்ளு ஏறியிருக்கும், வந்து பாரு.''

அவ்வளவுதான். வீட்டில் கருத்துக் கணிப்பு ஆரம்பமாயிடுச்சு. ''நெருஞ்சி முள்தான்''னாங்க ஆச்சி. ''வீடு துடைக்கிற ஃபினாயில் ஒத்துக்கலை''ன்னாங்க அம்மா. எதிர்வீட்டு மாமா ஒருபடி மேலே போய், ''மெக்கானிக் ஷாப்பில் பழைய எஞ்சின் ஆயில் கேட்டு வாங்கித் தடவு தம்பி, எந்தச் சொறியும் ஓடிப்போயிடும்''னு பிரிஸ்கிரிப்ஷனே எழுதிட்டார். ''அதெல்லாம் விடுங்க, நாய் நக்கினாலே புண்ணு ஆறிடும்''னு அப்பா ஃபைனல் தீர்ப்பு சொல்லிட்டு நியூஸ் பார்க்கப் போயிட்டார்.

நான் ஏட்டையாவை ஆட்டோவில் ஏத்தினேன். கூடவே, ''புள்ளை பயப்படுவான்''னு ஆச்சியும் ஏறிட்டாங்க. புள்ளைன்னு சொன்னது என்னையா, ஏட்டையாவையான்னு இதுவரைக்கும் தெரியலை.

ஒரு காலா, நாலு காலா?

கால்நடை மருத்துவமனையில் இருந்தது ஒரு லேடி டாக்டர். நான் முள், ஃபினாயில், சொறின்னு வீட்டில் நடந்த டிபேட்டை ஒப்பிக்க ஆரம்பிச்சதும், கையைக் காட்டி நிறுத்தினாங்க.

''தம்பி, ஒரு காலா, நாலு காலா?''

இந்தக் கேள்விதான் மேட்டரே. நம்ம லேபில் மெஷின் ஓடலைன்னா முதலில் என்ன பார்ப்போம்? ஒரு மெஷின் மட்டும் நின்னுச்சா, லேப் முழுக்கவே கரன்ட் இல்லையா? அதே லாஜிக்தான்.

ஒரே ஒரு காலை மட்டும் நாய் நக்குது, நொண்டுதுன்னா, தப்பு அந்தக் காலுக்குள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். முள், கண்ணாடிச் சில்லு, விரல் இடுக்கில் கடிச்சுக்கிட்டிருக்கிற உண்ணி, பிளந்துபோன நகம், வளைஞ்சு வளர்ந்து மெத்தையிலேயே குத்துற நகம், விரலுக்கு நடுவில் கிளம்பின கட்டி... இப்படி. நம்ம பக்கம் சீமைக் கருவேல முள் ரொம்ப மோசம். உள்ளே உடைஞ்சு நின்னுட்டா, மேலே தோல் மூடிக்கும்; உள்ளே சீழ் வைக்கும்.

ரெண்டு கால், நாலு கால்னு பரவலா இருந்தா, நாய் எதன் மேலே நிக்குதுன்னு பார்க்கணும், இல்லைன்னா உடம்புக்குள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்கணும். சுடுற தரை, கழுவி விட்ட பிளீச்சிங் பவுடர் தண்ணி, காயாத ஃபினாயில் எல்லாம் முதல் வகை. அலர்ஜி, கண்ணுக்குத் தெரியாத சொறிப் பூச்சி, பூஞ்சை எல்லாம் ரெண்டாவது வகை. அலர்ஜி இருக்கிற நாய் நக்கிக்கிட்டே இருக்கும். அந்த ஈரத்தில் பூஞ்சை குடியேறும். ஒருமாதிரி புளிச்ச வாடை அடிக்கும். வெள்ளை நாயா இருந்தா நக்கின இடத்து முடி செம்பழுப்பா மாறிடும். அது ரத்தம் இல்லை, எச்சில் கறை. ஆனா, 'ரொம்ப நாளா நக்குது'ங்கிறதுக்கு அதுதான் சாட்சி. இன்னொண்ணு, பாதமும் மூக்கும் சேர்ந்து தடிச்சு வெடிச்சு, கூடவே காய்ச்சலும் சளியும் இருந்தா 'டிஸ்டெம்பர்' வைரஸாகூட இருக்கலாம். தாமதிக்காம டாக்டர்கிட்ட ஓடணும்.

அப்பாவோட ஃபைனல் தீர்ப்பையும் டாக்டர்கிட்ட கேட்டேன். சிரிச்சாங்க. ''எச்சிலில் கொஞ்சம் கிருமிநாசினித் தன்மை இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா, நக்க நக்க புண்ணு ஈரமாவே இருக்கும். புதுசா வர்ற தோலையும் நாக்கு தேய்ச்சு எடுத்துடும். நக்குறது வைத்தியம் இல்லை தம்பி, கம்ப்ளெயின்ட்!''

கம்ப்ளெயின்ட்! வாயில்லா ஜீவன் கொடுக்கிற கம்ப்ளெயின்ட்டை நாம 'பழக்கம்'னு நினைச்சுக்குறோம்.

காலைப் பிடிக்கும் கலை

டாக்டர் செக் பண்ணதைப் பார்த்தே ஒரு டியூஷன் படிச்சுட்டேன். முதல் பாடம், எவ்வளவு பாசமான நாயா இருந்தாலும் வலி வந்தா கடிக்கும். அதனால ஒருத்தர் தலைப் பக்கம் நின்னு, பேசிக்கிட்டே பிடிச்சுக்கணும். துணியால வாயைக் கட்டினாங்க. அதுவும் ரொம்ப நேரம் கிடையாது. நாய் மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைக் குறைக்குது. வெயில் நேரத்தில் வாயைக் கட்டியே வெச்சா ஆபத்து.

தெரு நாய்க்கு உதவப் போற தங்கமான மனசுக்காரங்களே, உங்களுக்கு ஒரு தனி வார்த்தை. பழக்கமில்லாத நாயோட காலை நீங்களா தொடவே தொடாதீங்க. விலங்கு நல அமைப்புக்கோ, டாக்டருக்கோ சொல்லுங்க. எந்த நாயா இருந்தாலும் கடிச்சாலோ, பல் கீறினாலோ, உங்க கையில் இருக்கிற காயத்தில் எச்சில் பட்டாலோ, ஓடுற தண்ணியில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடணும். சொன்ன தேதியில் எல்லா ஊசியையும் முடிக்கணும். ரேபிஸ் முத்தினப்புறம் வைத்தியம் இல்லை.

அப்புறம் விரல் இடுக்கு ஒவ்வொண்ணா விரிச்சுப் பார்த்தாங்க. சிவப்பு, வீக்கம், உண்ணி, கட்டி இருக்கான்னு. நகத்தை ஆட்டிப் பார்த்தாங்க. மெத்தையை லேசா அமுக்கி, ஏட்டையா எங்கே காலை இழுக்குறார்னு கவனிச்சாங்க. கடைசியா மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பார்த்தாங்க. நம்புங்க பாஸ், அதுவும் டெஸ்ட்தான்!

நாலு காலிலும் மெத்தை சிவந்து பளபளன்னு இருந்துச்சு. ஓரத்தில் தோல் உரிஞ்சு தொங்குச்சு. பின்னங்காலில் ஒரு கொப்புளம் உடைஞ்சிருந்தது. ''சுடு தரையில் ஓடியிருக்கான். வெந்துபோயிருக்கு''ன்னாங்க டாக்டர்.

உப்புத் தண்ணியால (அதுக்குன்னே பாட்டிலில் வர்ற சலைன்) கழுவி, காய வெச்சு, தீப்புண்ணுக்குப் போடுற களிம்பு தடவினாங்க. விரல் இடுக்கில் பஞ்சு வெச்சு, அதுக்கு மேலே தளர்வா கட்டு. வலிக்கு நாய்க்கான மருந்து. அந்த 'நாய்க்கான'ங்கிறதை ரெண்டு தடவை அழுத்திச் சொன்னாங்க. நம்ம வீட்டு டப்பாவில் இருக்கிற பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் நாய்க்குப் போடக் கூடாது. வயிறு, கிட்னி, கல்லீரல்னு கையை வெச்சுடும். மஞ்சள், கற்பூர எண்ணெய், ஸ்பிரிட், மண்ணெண்ணெய், எதிர்வீட்டு மாமாவோட எஞ்சின் ஆயில்... எல்லாத்துக்கும் தடா. காலில் தடவுற எதுவும் அடுத்த நிமிஷமே நாய் வயித்துக்குள்ளே போயிடும்ங்கிறதை மறந்துடக் கூடாது. கற்பூரமும் எஞ்சின் ஆயிலும் நாய்க்கு விஷம்.

''எனக்குச் சுடவே இல்லியே!''

கட்டு போட்டு முடிச்சதும் டாக்டர் கேட்டாங்க, ''மொட்டை மாடியில் மத்தியானம் அவ்வளவு சூடு இருக்குமே... யாரும் கவனிக்கலையா?''

ஆச்சி உடனே சொன்னாங்க. ''சூடா? நானுந்தான தாயி வத்தலைத் திருப்பிப் போட ஒரு நாளைக்கு நாலு நடை போறேன். செருப்புகூடப் போடுறதில்லை. எனக்குச் சுடவே இல்லியே!''

டாக்டர் முகம் மாறிடுச்சு. கையைக் கழுவிட்டு வந்து, ஆச்சி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாங்க.

''ஆச்சி, உங்களுக்குச் சுகர் உண்டா?''

''அது இருக்கு, ஒரு 12 வருசமா.''

''காலைக் கொஞ்சம் காட்டுங்க, பாப்போம்.''

ஆச்சி கூச்சப்பட்டாங்க. ''என் காலை நீ பார்க்கணுமா தாயி...''ன்னு இழுத்தாங்க. காட்டினாங்க. வலது கால் கட்டை விரலுக்குக் கீழே, எட்டணா அளவுக்கு ஒரு கொப்புளம். உடைஞ்சு, சுத்தி சிவந்து போயிருந்தது. ஏட்டையாவுக்கு இருந்த அதே புண்ணு. ஒரே வித்தியாசம், ஏட்டையா சாயங்காலமே கம்ப்ளெயின்ட் கொடுத்துட்டார். ஆச்சிக்கு அப்படி ஒரு புண்ணு இருக்கிறதே தெரியாது.

''நான் மாட்டு டாக்டர், உங்களுக்கு மருந்து எழுத மாட்டேன். ஆனா, இங்கேயிருந்து வீட்டுக்குப் போகாதீங்க. நேரா உங்க டாக்டர்கிட்ட போங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க''ன்னு என்னைப் பார்த்துச் சொன்னாங்க.

ஆட்டோ அப்படியே திரும்புச்சு. நாலு காலில் கட்டோடு ஏட்டையா என் மடியில், பக்கத்தில் ஆச்சி. அங்கே டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்து, ஆச்சியைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் இங்கேயும் அங்கேயும் தொட்டுத் தொட்டு, ''தெரியுதா?''ன்னு கேட்டார். பல இடத்தில் ஆச்சி, ''இன்னும் தொடலியே''ன்னாங்க. தொட்டுக்கிட்டுத்தான் இருந்தார். நான் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த அஞ்சு நிமிஷம் எனக்கு வயித்தைப் பிசைஞ்சதை எழுதத் தெரியலை.

சுகர் பல வருஷம் ஏறி இறங்கிட்டே இருந்தா கால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமா மரத்துப் போயிடுமாம். சூடு தெரியாது, ஆணி குத்தினா தெரியாது. ரத்த ஓட்டமும் குறைஞ்சா புண்ணு ஆறாது. இன்ஃபெக்‌ஷன் எலும்பு வரைக்கும் இறங்கி, விரலை எடுக்கிற நிலைமைகூட வரும். ஆச்சிக்கு அந்த நிலைமை வரலை. மருந்து, தினமும் கட்டு, சுகர் கன்ட்ரோல். புண்ணு ஆற ஒரு மாசத்துக்கு மேலே ஆச்சு. இப்போ வீட்டுக்குள்ளேயும் எம்.சி.ஆர். செருப்பு போட்டுத்தான் நடக்குறாங்க. 'வீட்டுக்குள்ள செருப்பா!'ன்னு முதலில் சண்டை போட்டாங்க. ''ஏட்டையா டாக்டர் சொல்லியிருக்காங்க''ன்னேன். அடங்கிட்டாங்க.

ஒன்பது மணி பரேடு

ஏட்டையாவை நக்க விடாம பார்த்துக்கிறதுதான் பெரிய போராட்டம். கழுத்தில் மாட்டுற கூம்பு காலர் கைக்கு வர ரெண்டு நாள் ஆகும்னாங்க. ஃபர்ஸ்ட் இயர் டிராயிங் ஷீட் வெச்சிருந்த பிளாஸ்டிக் ஃபோல்டர் பரணில் இருந்தது. வெட்டி, ஓரத்துக்குத் துணி ஒட்டி, கூம்பா மாட்டிட்டேன். இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸில் கத்துக்கிட்ட கூம்பு 'டெவலப்மென்ட்' வாழ்க்கையில் முதல் தடவையா யூஸ் ஆச்சு!

தினமும் கட்டு மாத்தணும். ஈரமானா உடனே மாத்தணும். கட்டுக்கு மேலேயோ கீழேயோ வீங்கினாலோ, விரல் சில்லுன்னு இருந்தாலோ இறுக்கமா இருக்குன்னு அர்த்தம், அவிழ்த்துடணும். ரப்பர் பேண்ட் போடவே கூடாது. வெளியே போகும்போது கட்டு நனையாம பாலித்தீன் கவர் மாட்டினா, வீட்டுக்கு வந்ததும் கழட்டிடணும். பாதத்தில் வியர்க்கும்னு முன்னாடியே சொன்னேனே, உள்ளேயே ஊறிடும். மூணு வாரத்தில் ஏட்டையாவுக்குப் புது மெத்தை வந்துடுச்சு.

ஏட்டையாவுக்கு நடந்தது உங்க வீட்டில் நடந்தா, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது சிம்பிள். நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணியைப் பாதத்தில் பத்து நிமிஷமாவது ஓட விடுங்க. ஐஸ் வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

நடக்காம இருக்கணும்னா, வெளியே கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி புறங்கையைத் தரையில் வையுங்க. ஏழு எண்ணுற வரைக்கும் வெச்சிருக்க முடியலைன்னா, நாய்க்கும் முடியாது. எங்க மாடியில் மத்தியானம் ஒரு மணிக்கு வெச்சுப் பார்த்தேன், மூணு எண்ணுறதுக்குள்ளே கையை எடுத்துட்டேன். தார் ரோடு இன்னும் மோசம். கோடை மத்தியானத்தில் அதோட மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுறது நம்ம ஊரில் சாதாரணம். வாக்கிங் போறதுன்னா காலையில் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, சாயங்காலம் தரை ஆறினதுக்குப் பின்னாடி. வீடு துடைச்சா தரை காயுற வரைக்கும் நாய்க்கு 'நோ என்ட்ரி'. வெளியே சுத்திட்டு வந்தா கால் கழுவி, விரல் இடுக்கைத் துணியால ஒத்தி எடுத்துடணும்.

எங்க வீட்டில் இப்போ ராத்திரி ஒன்பது மணிக்கு 'கால் பரேடு'. முதலில் ஏட்டையா. நாலு கால், விரல் இடுக்கு, நகம், ஒரு மோப்பம். அடுத்து ஆச்சி. குதிகால், விரல் இடுக்கு, பாதம். டாக்டர் கண்ணாடி வெச்சு அவங்களையே பார்த்துக்கச் சொன்னார். ஆச்சிக்குக் கண்ணும் சரியா தெரியாதே, அதனால நான்தான் பார்க்குறேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. ஆரம்பத்தில் காலை இழுத்துக்கிட்டவங்க, இப்போ சீரியல் பார்த்துக்கிட்டே தானா நீட்டுறாங்க. ஆச்சியைச் சொன்னேன்!

அப்படியே ஒரு வேலை மக்களே. உங்க வீட்டிலும் ஒரு ஏட்டையா இருக்கலாம். சுகர் மாத்திரை போடுற தாத்தாவோ, பாட்டியோ, அப்பாவோ இருக்கலாம். ஒருத்தருக்குச் சொல்லத் தெரியாது, இன்னொருத்தருக்கு வலியே தெரியாம இருக்கலாம். லீவில் ஊருக்குப் போனா, போனைக் கொஞ்சம் கீழே வெச்சுட்டு அந்தக் கால்களை ஒரு தடவை திருப்பிப் பாருங்க.

இந்தக் கோடையிலும் வத்தல் உண்டு. ஏட்டையாவுக்கு வி.ஆர்.எஸ். கொடுத்தாச்சு. ஆச்சிக்கு மாடிக்கே தடை. கூழ் ஊத்துறது அம்மா, திருப்பிப் போடுறதும் காக்கா விரட்டுறதும் நான். செருப்பு போட்டுக்கிட்டுத்தான்!